இறுகிப்போன பைலட் ஜெட்: திருகோணமலைப் பக்கத்து அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து

சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை விட்டதும் நின்றுவிடும், எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும். இப்படி ஒரு பைக் வந்தால் பிளக், கொயில் என்று காசைக் கரைக்க வேண்டாம். அடைத்திருப்பது பைலட் ஜெட், அதாவது எஞ்சின் மெதுவாக ஓடும்போது காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடுகிற சின்ன ஓட்டையுள்ள பித்தளைத் துண்டு. முக்கால்வாசி எக்ஸிலேட்டருக்கு மேலே மட்டும் இழுவை விழுகிறதென்றால் வேகமாக ஓடும்போது பெற்றோல் விடுகிற மெயின் ஜெட்டைப் பாருங்கள்.

பைலட் முதலில் அடைபடுவதற்குக் காரணம் ஓட்டையின் அளவு. கெய்ஹின் காபரேட்டரில் 35, 38 என்று நம்பர் அடித்த பைலட் ஜெட் வரும். 35 என்றால் ஓட்டை 0.35 மில்லிமீற்றர். மெயின் ஜெட் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிது, சின்னத் தூசு அதனூடாகப் போய்விடும். பைலட்டை அடைக்கக் காய்ந்த பெற்றோல் பிசினே போதும்.

கடற்கரையோரம் நிற்கிற பைக்கின் பவுலை, அதாவது காபரேட்டரின் அடியில் பெற்றோல் தங்குகிற கிண்ணத்தை, கழற்றினால் இரண்டு நிறம் தெரியும். பித்தளை ஜெட்டில் பச்சை, காபரேட்டரின் அலுமினிய உடலில் வெள்ளைத் தூள். இரண்டும் தண்ணீர் செய்த வேலை. தண்ணீர் பெற்றோலை விடக் கனம் என்பதால் டாங்கியின் அடியில் கிடந்து, பெற்றோலைத் திறந்து மூடுகிற டெப் வழியாக இறங்கி, பவுலின் அடியில் தங்கும். பித்தளையும் அலுமினியக் கலவையும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அரிப்பு கெதியாக நடக்கும். அந்த வெள்ளைத் தூள் ஜெட்டின் புரிக்குள் இறங்கி சீமெந்து மாதிரிப் பிடித்துவிடுகிறது.

கிண்ணியாவிலிருந்து

உப்புவெளி அண்ணன் சொன்னது சரி. ஆனால் கராஜுக்கு வருகிற “இறுகின ஜெட்” பலதும் முதலில் அவ்வளவு இறுக்கமாக இருந்திருக்காது. பிழையான ஸ்க்ரூ டிரைவரால் தலையைச் சிதைத்த பிறகுதான் அது பெரிய கதையாகிறது.

பைலட் ஜெட் ஒரு குழாய்க்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும். கடையில் வாங்குகிற சப்பை ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரிச் சரிந்தது. திருப்பும்போது வெட்டின் மேல் விளிம்பில் மட்டும் பிடித்து, வழுக்கி மேலே ஏறும். பித்தளை மெது. இரண்டு தடவை வழுக்கினால் வெட்டின் மூலைகள் உருண்டுவிடும். பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, நுனியின் இரண்டு முகத்தையும் சமாந்தரமாக வரும்வரை அரத்தால் உரசுங்கள். வெட்டுக்குள் விட்டால் கொஞ்சமும் ஆடக்கூடாது. அகலம் ஜெட்டின் தலையளவு இருக்க வேண்டும், ஆனால் குழாயின் சுவரில் உரசக்கூடாது. இதற்கு அரை மணித்தியாலம் போகும், போகட்டும்.

முதலில் வெட்டுக்குள் இருக்கிற பிசினை ஊசியால் சுரண்டித் துப்பரவாக்குங்கள். அதைச் செய்யாமல் விட்டால் எந்த நுனியும் அடிவரை இறங்காது.

பவுல் ஸ்க்ரூவிலும் இதே கவனம் வேண்டும். யப்பான் பைக்குகளில் வருவது ஜேஐஎஸ் என்ற யப்பான் தரத்து நட்சத்திர வெட்டு. சாதாரண பிலிப்ஸ் நுனி அதில் முழுதாக இறங்காமல் வழுக்கும்.

தம்பலகாமத்திலிருந்து

இறுகினதைக் கழற்றுகிற ஒழுங்கு. ஃப்ளோட் (பவுலில் மிதக்கிற துண்டு), நீடில் (அது மூடித் திறக்கிற ஊசி), ஓ ரிங் (ரப்பர் வளையம்), ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். காற்றுக் கலவையைச் சரிசெய்கிற எயார் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் மெல்ல உள்ளே திருப்பி, அடியில் தட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். ஒன்றே முக்கால் என்றால் ஒன்றே முக்கால்தான், திரும்பப் பூட்டும்போது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதன் பின்னால் வருகிற ஸ்பிரிங், சின்ன வாஷர், ஓ ரிங் என்ற வரிசையையும் குறியுங்கள். அந்த ஓ ரிங் பல நேரம் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், எடுக்க மறந்தால் பிறகு அடிக்கிற காபரேட்டர் கிளீனர் பட்டு வீங்கிவிடும்.

பிறகு ஜெட்டின் தலையில் துரு இளக்கும் ஒயில் இரண்டு சொட்டு விட்டு ஓரிரவு வையுங்கள். ஏடிஎஃப் (ஒட்டோ கியர்) ஒயிலும் அசிற்றோனும் சரிபாதி கலந்தால் ஸ்பிரே டின்னை விட நன்றாக ஊறும் என்பது என்ரை அபிப்பிராயம். அடுத்த நாள் வெறும் உடலைக் கொதித்த தண்ணீரில் 10 நிமிடம் போடுங்கள். தண்ணீரைக் குசினியில் கொதிக்கவைத்து முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள், பெற்றோல் மணக்கிற சாமானை அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அலுமினியம் பித்தளையை விடக் கூட விரியும், அதனால் சூட்டில் ஓட்டை ஜெட்டை விட்டு மயிரிழை விலகும். துணியால் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரை நேராக வைத்து, அதன் பிடியில் சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் புரிக்குள் இருக்கிற தூள் உடையும். முதலில் இறுக்குகிற பக்கம் துளியளவு, பிறகுதான் கழற்றுகிற பக்கம். அமுக்கிற பலம் பத்துப் பங்கென்றால் திருப்புகிற பலம் ஒரு பங்கு.

அசையவில்லையா? பலத்தைக் கூட்டாமல் விட்டு, ஆறவிட்டு, திரும்ப ஒயில், திரும்பச் சுடுதண்ணீர். மூன்று நாலு தடவை ஆகலாம். நெருப்புச் சுவாலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூதூரிலிருந்து

தலை ஏற்கெனவே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. மெயின் ஜெட் வெளியே தெரிவதால் வாள் அலகால் புது வெட்டுப் போடலாம், அறுகோணத் தலை என்றால் குறடாலும் பிடிக்கலாம். பைலட்டில் அது ஏலாது. சிலர் தலை போன ஸ்க்ரூவைக் கழற்றுகிற எக்ஸ்ட்ராக்டரை இறக்குகிறார்கள். ஆப்பு மாதிரி இருக்கிற அந்தச் சாமான் மெல்லிய பித்தளைச் சுவரை வெளிப்பக்கம் தள்ளி இன்னும் இறுக்கிவிடும். உடைந்து உள்ளே நின்றால் அந்த உருக்கைத் துளைக்கவும் முடியாது. இடது பக்கம் சுற்றுகிற டிரில் பிட்டை லேத் கடையில் நேராகப் பிடித்து இறக்கினால், சூட்டிலும் அதிர்விலும் ஜெட் தானே சுழன்று வெளியே வந்துவிடுவதுண்டு. கையால் பிடிக்கிற டிரில்லில் முயலாதீர்கள். அதுவும் சரிவராவிட்டால் பழைய காபரேட்டர் உடல் ஒன்று வாங்குவதுதான் மிச்சம்.

சீனக்குடாவிலிருந்து

கழற்றின ஜெட்டைத் துப்பரவாக்கத் தேசிக்காய் போதும். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு தேசிக்காயின் சாறு, ஜெட்டை மட்டும் போட்டு 10, 15 நிமிடம் கொதிக்கவிட்டால் பச்சை கரைந்துவிடும். பிறகு அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவுங்கள். உடலை அந்தப் புளியில் போடக்கூடாது, கறுத்து அரிக்கும்.

ஓட்டையைக் குத்த உருக்குக் கம்பியோ தையல் ஊசியோ வேண்டாம். 0.35 மில்லிமீற்றர் ஓட்டை 0.40 ஆனால் அதனூடாகப் பாய்கிற பரப்பு 30 சதவீதம் கூடுகிறது. பிளக் கறுக்கும், பெற்றோல் குடிக்கும். மெல்லிய வயரின் ஒற்றைச் செப்பு இழை அளவானது. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே தெரிகிற புள்ளி முழு வட்டமாக இருக்க வேண்டும். பிறை மாதிரித் தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது.

பலர் இதோடு பூட்டிவிடுகிறார்கள், பிறகு பழைய குறையே திரும்ப வருகிறது. ஜெட்டுக்கு மேலே போகிற வழியும் அடைத்திருக்கும். ஜெட் இருந்த ஓட்டையில் கிளீனர் குழாயை வைத்து அடியுங்கள். எஞ்சின் பக்கத்து வாயில், எக்ஸிலேட்டருக்கு ஏறி இறங்குகிற பிஸ்டன் வால்வு இறங்குகிற இடத்துக்குக் கிட்ட உள்ள குண்டூசி முனை போன்ற ஓட்டைகளாலும், எயார் ஸ்க்ரூ ஓட்டையாலும் அது பீறிட வேண்டும். ஒன்று வெறுமனே கசிந்தால் அந்த வழி இன்னும் திறக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், எந்த ஓட்டையால் கண்ணுக்கு வரும் என்று சொல்ல ஏலாது.

திரும்பப் பூட்டும்போது ஜெட்டை முதலில் இடது பக்கம் சுற்றுங்கள், புரி விழுகிற ‘டிக்’ கையில் தெரிந்ததும் வலது பக்கம். அடியில் முட்டிய பிறகு ஒரு சிட்டிகை இறுக்கம் போதும்.

நிலாவெளியிலிருந்து

டாங்கியைப் பார்க்காமல் காபரேட்டரை மட்டும் கழுவினால் ஒரு மாதத்தில் திரும்பக் கழற்ற வேண்டி வரும். டெப்பைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் அரை லீற்றர் பிடித்து 10 நிமிடம் விடுங்கள். அடியில் உருண்டு திரள்வது தண்ணீர், செம்மண் நிறத்தில் படிவது துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நிற்கிற பைக்கில் டாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதனூடாகத்தான் தண்ணீர் இறங்கும். பெற்றோல் நிலையத்தைத் திட்டுவதற்கு முன் அந்த ரப்பரைப் பாருங்கள்.

இன்னொன்று, காபரேட்டரில் மிஞ்சின பெற்றோல் வழிகிற ஓவர்ஃப்ளோ ஹோஸும் காற்று ஹோஸும். நீண்ட நாள் நிற்கிற பைக்கில் குளவி அதற்குள் மண் கூடு கட்டும். காற்றுப் போகாமல் பவுலுக்குப் பெற்றோல் இறங்காது. எல்லாம் புதுசாகப் போட்டும் ஓடாத பைக்குகளில் இதுதான் குறையாக இருந்திருக்கிறது.

2022இல் கியூஆர் ஒதுக்கீட்டில் வாரத்துக்கு 4 லீற்றர் கிடைத்த காலத்தில் கானில் சேர்த்துவைத்த பெற்றோலும் மாதக்கணக்கில் நின்ற பைக்குகளும் நிறைய ஜெட்டை அடைத்தன. இரண்டு கிழமைக்கு மேல் நிறுத்துவதென்றால் டெப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பவுலின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவையும் திறந்துவிடுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் பவுலின் அடியில் கொஞ்சம் மிஞ்சும், தண்ணீர் கிடப்பதும் அந்த மிச்சத்தில்தான்.