பண்டாரவளையில் ஹைட்ரேஞ்சியா கருகுகிறது, வெட்டலாமா?

வணக்கம். பண்டாரவளையில் எங்கள் வீட்டு முற்றத்து ஹைட்ரேஞ்சியா ஓகஸ்ட் பிறந்ததிலிருந்து வாடிக்கொண்டே போகிறது. அம்மா வைத்த பழைய செடிகள், எப்படியாவது காப்பாற்ற வேண்டும். நுவரெலியாப் பக்கம் இப்போது மழை. ஊவாப் பக்கம் எங்களுக்கோ வறட்சி, காற்றும் ஓய்வதில்லை.

முதலில் மத்தியானம் தொங்கும் இலைகள் பொழுதுசாய நிமிர்ந்துவிடும். இப்போது நிமிர்வதே இல்லை. இலை ஓரம் கருகி, தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. நடு நரம்பு மட்டும் பச்சை.

விடியவே தண்ணீர் ஊற்றுகிறேன். தூரைச் சுற்றி ஈரம் காயாமலிருக்க மானாப்புல்லைப் பரப்பிப் போட்டேன், மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டினேன், உரத்தையும் நிறுத்திவிட்டேன். இலையடியில் சிலந்திப்பேன் இல்லை. கிளறிப் பார்த்தேன், வேர் அழுகவில்லை.

பழைய கிளையில்தான் அடுத்த பூவுக்கு மொட்டு வரும் என்பதால் கத்தரிக்கத் தயக்கம். கருகிய கிளைகளை இப்போதே வெட்டுவதா, ஒக்டோபர் மழைவரை விடுவதா?