சர்வ்லெட்டுகளில் சிதறிக் கிடக்கும் எஸ்கியூஎல்: தரவுத்தள அணுகலை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேட்டவர்: மணலி_கேட்

வணக்கம். திருவொற்றியூர்ப் பக்கம் உள்ள ஒரு கண்டெய்னர் கிடங்கின் ஜாவா வலைச்செயலியைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. டாம்கேட் (வலைச் சர்வர்), சர்வ்லெட் (கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பு), ஜேஎஸ்பி (பக்க வார்ப்புரு), மைஎஸ்கியூஎல் (தரவுத்தளம்) ஆகியவற்றால் ஆனது. ஸ்பிரிங் போன்ற கட்டமைப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு சர்வ்லெட்டும் டிரைவர்மேனேஜர் வழியாகத் தானே கனெக்‌ஷன் திறந்து, தானே எஸ்கியூஎல் (தரவுத்தளக் கட்டளை) எழுதி, தானே மூடுகிறது. சில இடங்களில் மூடுவதே இல்லை. துறைமுகத்திலிருந்து டிரெய்லர்கள் மொத்தமாக வந்து சேரும் இரவுகளில் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்ற பிழையோடு செயலி நின்றுவிட, வண்டிகள் சாலை வரை வரிசை கட்டி நிற்கின்றன.

டேபிளுக்கு ஒரு டிஏஓ வகுப்பு (தரவுத்தளத்தைப் படிக்கவும் எழுதவும் மட்டுமான வகுப்பு) எழுதி, அதன் ஒவ்வொரு மெத்தடும் தனக்கான கனெக்‌ஷனைத் திறந்து மூடும்படி மாற்றலாம் என்று எண்ணுகிறேன். உடன் பணிபுரிபவரோ, ஒரே கனெக்‌ஷனை ஸ்டாட்டிக்காக வைத்து எல்லோரும் பகிர்ந்துகொண்டால் போதும் என்கிறார். எது சரி?

பதில்: தங்கசாலை_நிரலர்

இரண்டும் வேண்டாம். ஸ்டாட்டிக் கனெக்‌ஷன் யோசனையை முதலில் கைவிடுங்கள். டாம்கேட்டில் ஒவ்வொரு கோரிக்கையும் தனித் த்ரெட்டில் (இணையாக ஓடும் செயல் இழையில்) ஓடுவதால், ஒருவர் பாதி வேலையில் இருக்கும்போது இன்னொருவர் கமிட் செய்தால் (மாற்றங்களை நிலையாகப் பதிந்தால்) அந்தப் பாதி வேலையும் சேர்ந்து பதிவாகிவிடும். மேலும், மைஎஸ்கியூஎல்லின் வெயிட்_டைம்அவுட் இயல்பாக 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம்; அதற்குமேல் சும்மா கிடந்த கனெக்‌ஷனைச் சர்வரே துண்டித்துவிடும் என்பதால், விடுமுறை கழிந்த காலையில் முதலில் உள்ளே நுழைபவருக்குப் பிழைதான் கிடைக்கும்.

கனெக்‌ஷன் தீர்ந்துபோவதற்கு மருந்து பூல், அதாவது திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து, கேட்பவருக்குக் கொடுத்துத் திரும்பப் பெறும் தொகுப்பு. மைஎஸ்கியூஎல் இயல்பாக 151 கனெக்‌ஷன்களை அனுமதிக்கிறது. நீங்கள் அதை முட்டுவது சுமையால் என்பதைவிட, மூடாமல் விட்டவற்றால் என்றே தோன்றுகிறது. ஹிகாரிசிபி போன்ற பூலில் இயல்பான அளவு 10. கனெக்‌ஷன் கிடைக்காவிட்டால் 30 விநாடி காத்திருந்து பிழை எறியும். எனவே மூடாத இடங்களைச் சரிசெய்யாமல் பூலை மட்டும் நுழைத்தால், இன்று நள்ளிரவில் நிற்பது நாளை மாலையிலேயே நிற்கும். ஜாவா 7 முதல் உள்ள, வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் டிரை-வித்-ரிசோர்சஸ் அமைப்புக்குள் கனெக்‌ஷன், ஸ்டேட்மெண்ட், ரிசல்ட்செட் மூன்றையும் கொண்டுவாருங்கள். ஹிகாரியின் லீக்டிடெக்‌ஷன்திரெஷோல்டை இயக்கினால், நெடுநேரம் திரும்பாத கனெக்‌ஷன் எந்த வரியில் எடுக்கப்பட்டது என்பது லாகில் தெரியும்.

இனி உங்கள் டிஏஓ யோசனை. கண்டெய்னர் ஒன்று வெளியேறும்போது அதன் நிலை மாற வேண்டும், யார்டில் அது இருந்த இடம் காலியாக வேண்டும், கேட் பாஸ் பதிவாக வேண்டும், கிடங்கு வாடகை பில்லில் ஏற வேண்டும். ஒவ்வொரு டிஏஓ மெத்தடும் தன் கனெக்‌ஷனைத் தானே திறந்தால், ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையும் உடனே தானாகக் கமிட் ஆவது) காரணமாக இவை, ஒன்றாக நிறைவேறும் அல்லது ஒன்றாகத் தோற்கும் ஒரே தொகுதியாக இல்லாமல், நான்கு தனித்தனி டிரான்சாக்‌ஷன்களாகிவிடும். மூன்றாவது தோற்றால் முதல் இரண்டும் அப்படியே நிற்கும்; கண்டெய்னர் யார்டில் இருக்கும், கணினியோ அது போய்விட்டது என்று சொல்லும்.

ஆகவே டிரான்சாக்‌ஷனின் எல்லையைத் தீர்மானிக்க வேண்டியது தொழில், டேபிள் அன்று. 'வெளியேற்றம்' என்று ஒரு சர்வீஸ் வகுப்பு இருக்கட்டும். அது பூலிலிருந்து ஒரு கனெக்‌ஷனை எடுத்து, ஆட்டோகமிட்டை நிறுத்தி, அதே கனெக்‌ஷனை நான்கு டிஏஓக்களுக்கும் கொடுத்து, முடிவில் கமிட் செய்யட்டும். இடையில் எக்ஸெப்ஷன் (பிழை) எழுந்தால் ரோல்பேக் செய்யட்டும், அதாவது அதுவரை செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறட்டும். டிஏஓவுக்குள் கமிட் என்ற சொல்லே வரக்கூடாது. சர்வ்லெட்டுக்குள் எஸ்கியூஎல் வரக்கூடாது. டேபிளுக்கு ஒரு டிஏஓ என்ற கணக்கையும் விதியாக்க வேண்டாம்: வாடகைக் கணக்கு மூன்று டேபிள்களை இணைத்துப் படிக்கிறது என்றால், அது பில்லிங் டிஏஓவில் இருப்பதுதான் நாளை தேடுபவருக்கு வசதி.

பதில்: வியாசர்பாடி_1101

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கமிட், ரோல்பேக் எல்லாவற்றையும் கையால் எழுதத் தேவையில்லை. முழு ஸ்பிரிங்குக்கும் மாறாமல், அதன் துணை வகுப்புகளான ஜேடிபிசிடெம்ப்ளேட்டையும் டிரான்சாக்‌ஷன்டெம்ப்ளேட்டையும் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். பின்னாளில், மெத்தடின் மேல் குறித்தால் கமிட், ரோல்பேக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் டிரான்சாக்‌ஷனல் அனோட்டேஷனுக்குப் போனால் இரண்டைக் கவனியுங்கள்: இயல்பான நிலையில் அது செக்டு எக்ஸெப்ஷனுக்கு (கையாளுமாறு கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழைக்கு) ரோல்பேக் செய்வதில்லை, ஒரே வகுப்புக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை நேராக அழைத்தால் ஸ்பிரிங் இடையில் நிறுத்தும் ப்ராக்ஸியைத் தாண்டிவிடுவதால் அனோட்டேஷன் வேலை செய்யாது.

எஸ்கியூஎல்லைத் தானே உருவாக்கும் ஹைபர்னேட்டை இந்தச் செயலிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுதிச் சோதித்த எஸ்கியூஎல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதோடு, 200 கண்டெய்னர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் உரிமையாளரையும் லேசி முறையில் (தேவைப்படும்போது தனித்தனியாக) படித்தால் ஒரு திரைக்கு 201 குவெரிகள் வரை போகக்கூடும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பழக்கம் குழுவில் இருக்க வேண்டும்.

கேட்டவர்: மணலி_கேட்

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள். எல்லா மெத்தடுக்கும் கனெக்‌ஷனை அளபுருவாகக் கொடுப்பது கண்ணை உறுத்துகிறது, த்ரெட்லோக்கலில் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பு வைக்கும் மாறியில்) வைக்கலாமா? இரண்டு எழுத்தர்கள் ஒரே யார்டு இடத்தை ஒரே நேரத்தில் இரண்டு கண்டெய்னர்களுக்கு ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது. டிரான்சாக்‌ஷன் அதையும் தடுக்குமா?

பதில்: தங்கசாலை_நிரலர்

த்ரெட்லோக்கலில் வைக்கலாம், ஸ்பிரிங்கும் உள்ளே அதைத்தான் செய்கிறது. ஆனால் டாம்கேட் த்ரெட்டுகளை மறுபடி பயன்படுத்துவதால், ஃபைனலியில் அதை நீக்க மறந்தால் அடுத்த கோரிக்கைக்குப் பழைய கனெக்‌ஷன் போய்ச் சேரும். உறுத்தினாலும் அளபுருவே நல்லது.

ஒதுக்கீட்டுச் சிக்கலை டிரான்சாக்‌ஷன் மட்டும் தடுக்காது. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் சாதாரண செலெக்ட் எந்தப் பூட்டும் போடுவதில்லை. இருவருக்கும் இடம் காலி என்றே தெரியும். 'இந்த இடத்தில் கண்டெய்னர் எண் நல் (NULL, மதிப்பு இல்லாதது) ஆக இருந்தால் மட்டும் மாற்று' என்ற நிபந்தனையை அப்டேட்டின் வேர் (WHERE) பகுதியிலேயே எழுதி, எக்ஸிக்யூட்அப்டேட் திருப்பித் தரும் எண்ணைப் பாருங்கள்: 1 வந்தால் இடம் உங்களுடையது, 0 வந்தால் வேறொருவர் முந்திவிட்டார். முதலில் படித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால், படிக்கும்போதே வரியைப் பூட்டும் செலெக்ட் ஃபார் அப்டேட் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பு, ஷோ டேபிள் ஸ்டேட்டஸ் கொடுத்து டேபிள்கள் எந்த எஞ்சினில் உள்ளன என்று பாருங்கள். 2010இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.5 முதல்தான் இன்னோடிபி இயல்பான எஞ்சின். அதற்கு முந்தைய காலத்து டேபிள்கள், ரோல்பேக் வசதி இல்லாத மைஐசாம் எஞ்சினில் கிடந்தால் ரோல்பேக் எந்தப் பிழையும் காட்டாமல் ஒன்றும் செய்யாது. ஆல்டர் டேபிள் கொடுத்து மாற்றுங்கள், மாற்றும் முன் பேக்கப் எடுங்கள். கேட் பாஸ் அச்சிடுவதையும் ஓட்டுநருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதையும் கமிட்டுக்குப் பிறகே வையுங்கள், ஏனெனில் அச்சான தாளை ரோல்பேக் செய்ய முடியாது.