மொரைன்: ‘பனியாற்றுப் படிவு’ போதுமா, ‘கரடு’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பனியாறு, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் உறைபனித் திரள், சுமந்துவந்து விட்டுச்செல்லும் கல்லும் மண்ணும் கலந்த மேட்டை ஆங்கிலத்தில் ‘மொரைன்’ (moraine) என்பார்கள். இமயமலையின் நில அமைப்பைப் பற்றி எழுதும்போது இந்த ‘மொரைன்’ என்பதற்குப் ‘பனியாற்றுப் படிவு’ என்று பாடநூல்களில் வழங்குவதே போதும் என்ற கருத்து முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதனை நான் ஏற்கவில்லை. அந்தச் சொல்லில் உள்ள ‘படிவு’தான் சிக்கல்.

தூசி படிகிறது, வண்டல் படிகிறது என்கிறோம். நுண்ணியதாக உள்ள ஒன்று மெல்ல இறங்கி அடங்குவதே படிதல். ஓடும் நீர் தன் வேகம் குறையக் குறைய, கனமானதை முதலிலும் நுண்ணியதைப் பின்னருமாகத் தரம் பிரித்து இறக்குகிறது. அங்கே ‘படிவு’ மிகப் பொருத்தமான சொல். பனியாறோ எதையும் தரம் பிரிப்பதில்லை. வீட்டளவு பாறையையும், அடியில் உராய்ந்து மாவாகிப்போன கல்லையும் ஒன்றாகவே சுமந்துவந்து, பக்கங்களில் ஒதுக்கியும் முன்னே தள்ளியும், உருகி முடியும் இடத்தில் அப்படியே கொட்டியும் விடுகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாற்றின் முனையான கோமுகத்தில், வெண்பனியை எதிர்பார்த்துச் செல்பவர் கண்ணில் முதலில் படுவது சாம்பல் நிறக் கற்குவியல்தான். அந்தக் கற்களுக்கு இடையே, வெட்டுப்பட்ட சுவர்போல அழுக்கேறிய உறைபனி தெரியும். அதன் அடியிலிருந்துதான் பாகீரதி ஆறு வெளிப்படுகிறது. அந்தக் காட்சியைப் ‘படிவு’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

‘கரடு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். தமிழில் இதற்கு இரண்டு பொருள் உண்டு: ஒன்று, கரடுமுரடு என்பதில் உள்ள சொரசொரப்பு, மற்றொன்று, கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் சிறு குன்று. மொரைன் என்பதும் பனியாறு விட்டுச்சென்ற கலவையையும் அது கொண்டுள்ள மேட்டு வடிவத்தையும் ஒருங்கே குறிப்பதால், இந்த இரட்டைப் பொருள் நமக்குக் குறையாகாது. மேலும், மொரைன் ஒன்றும் அறிஞர்கள் அறையில் அமர்ந்து ஆக்கிய சொல்லன்று. ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவாய் வட்டார மக்கள் மண்மேட்டுக்கு வழங்கிய பேச்சுச் சொல்லே, 18ஆம் நூற்றாண்டில் சோசுர் என்ற இயற்கை ஆய்வாளரின் எழுத்து வழியாக அறிவியலுக்குள் வந்தது. அவர்கள் ஊர்ச்சொல்லை எடுத்தாண்டது போல நாமும் எடுத்தாளலாம்.

முதன்முறை குறிப்பிடும்போது ‘பனியாற்றுக் கரடு’ என்று முழுமையாக எழுதிவிட்டு, பின்னர் பக்கக்கரடு, நடுக்கரடு, முனைக்கரடு, அடிக்கரடு என்று கிளைச்சொற்களைப் பயன்படுத்தலாம். இந்தப் பிரிப்பு வெறும் அழகுக்காக அன்று. 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனக் ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் வெள்ளம் பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த அணை அடித்துச் செல்லப்பட்ட நிகழ்வை எழுத முயலுங்கள். ‘படிவு சரிந்து ஏரிக்குள் விழுந்தது; எழுந்த அலை படிவை அரித்தது’ என்று எழுதினால், எது எதை அரித்தது என்று படிப்பவர் திகைப்பார். ‘ஏரியோரத்துப் பக்கக்கரடு சரிந்து விழ, எழுந்த அலை முனைக்கரட்டைத் தாண்டி அதனை அரித்தது’ என்றால் நடந்தது கண்முன் விரிகிறது.

கரடு அணைபோல் தடுத்து நிற்பதால் உருகுநீர் தேங்கி உண்டாகும் இத்தகைய ஏரியைக் ‘கரட்டேரி’ எனலாம். காடு காட்டு என்று ஆவதுபோலக் கரடு கரட்டு என்றாகும். கரட்டுமேடு என்று ஏற்கெனவே வழங்குவதால் ஒலியும் புதிதன்று. நேபாளத்தின் ட்சோ ரோல்பா ஒரு கரட்டேரி; 2000ஆம் ஆண்டில் கரட்டை வெட்டி வாய்க்கால் அமைத்து அதன் நீர்மட்டத்தை 3 மீட்டர் குறைத்தார்கள். எவரெஸ்டுக்குத் தெற்கே உள்ள இம்ஜா ஏரியிலும் 2016இல் இதே போன்ற பணி நடந்தது.

இந்தச் சொல்லுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. நாம் அறிந்த கரடு கெட்டிப் பாறையாலானது, ஆயிரம் ஆண்டுகள் ஆனாலும் அசையாது; பனியாற்றுக் கரடோ பெரும்பாலும் இறுகாத கலவை, உள்ளே உறைபனி புதைந்திருந்தால் அது உருகும்போது சரியவும் செய்யும். ‘குவை’ என்று மாற்றினால் இந்தக் குறை நீங்கும் என்பது உண்மைதான். ஆனால் குவை என்றதும் ஓரிடத்தில் கூம்பாய்க் கிடக்கும் குவியல் நினைவுக்கு வருகிறதே அன்றி, பனியாற்றின் ஓரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீளும் முகடு நினைவுக்கு வருவதில்லை. ‘வரப்பு’ அந்த நீளத்தைக் காட்டும். எனினும் பக்கக்கரட்டுக்கு மட்டுமே அது பொருந்தும். ஆகவே நிலைத்தன்மை பற்றிய குறையை வரையறையில் ஒரு வரி சேர்த்துச் சரிசெய்துகொண்டு, சொல்லாகக் கரட்டையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு.

ஒன்றை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். பனியாற்றின் மேற்பரப்பில் பரவிக்கிடந்து, அதனோடு நகர்ந்துகொண்டே இருக்கும் கற்களையெல்லாம் பொதுவாகக் கரடு என்று எழுதினால் குழப்பம் வரும். அந்த அடுக்கு தடித்திருந்தால் அடியிலுள்ள உறைபனியை வெயிலிலிருந்து காக்கிறது. மிக மெலிந்திருந்தால் வெப்பத்தை ஈர்த்து உருகலை விரைவுபடுத்துகிறது. அதன் பணியே போர்த்துவது என்பதால் ‘கற்போர்வை’ என்று தனியே பெயரிடலாம். எவரெஸ்டு அடிவாரத்தில் உள்ள கும்புப் பனியாற்றின் கீழ்ப்பகுதி கற்போர்வை உடையது. அதன் இருபுறமும் உயர்ந்து நிற்பவை பக்கக்கரடுகள்.