பிடாயு ஊர்களில் மூங்கில் புழக்கமும் விருந்தோம்பலும்: ஒரு சந்தேகம்

பயணவிரும்பி:
வணக்கம். கவாய் என்னும் அறுவடைத் திருநாளையொட்டி ஜூன் மாதம் மலேசியாவின் சரவாக் மாநிலத்திற்குச் செல்லும்போது, கூச்சிங்கிற்குத் தெற்கே பாடவான் பகுதியிலுள்ள அன்னா ராய்ஸ் நீளவீட்டையும் (பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக வாழும் நெடிய வீடு) பார்த்து வர எண்ணியிருக்கிறோம். அங்குள்ள பழங்குடியினரான பிடாயு மக்கள் தரை முதல் சமையல் வரை மூங்கிலையே நம்பியிருந்தார்கள் என்று படித்தேன். அது இன்றும் புழக்கத்தில் உள்ளதா, பயணிகளுக்காகக் காட்டப்படுவதா? வருவோருக்கு அரிசிக் கள் கொடுப்பார்களாம். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, மறுத்தால் வருந்துவார்களா?

கூச்சிங்வாசி:
நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அது குடும்பங்கள் குடியிருக்கும் ஊரே தவிரக் காட்சிக்கூடம் அன்று. வீடுகளுக்கு முன்னே நீளும் மூங்கில் தளத்தில்தான் நெல்லும் மிளகும் காயப்போடுகிறார்கள். துவாக் என்னும் அந்தக் கள்ளைப் ஒட்டும் தன்மையுள்ள அரிசிச் சோற்றில் ஈஸ்ட் கலந்து புளிக்கவைத்து எடுப்பார்கள். குடிக்காதவர்கள் அவர்களுக்குப் புதியவர்கள் அல்லர். முகத்தைச் சுளிக்காமல், கோப்பையைத் தொட்டு நன்றி சொல்லி, குடிக்கும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

மூங்கில்தச்சன்:
தரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிளந்த மூங்கில் பிளாச்சுகளை இடைவெளி விட்டுப் பரப்பிக் கட்டுவதால் மழைநீர் தங்காது, காற்று கீழிருந்து ஏறும், நடக்கும்போது தளம் சற்றே அமுங்கி எழும். ஆனால் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் மூங்கில் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். ஆகவே பழுதான பிளாச்சுகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பல இடங்களில் பலகையும் சிமெண்டும் வந்ததற்கு, அழகுணர்ச்சி குறைந்ததைவிட இந்த ஓயாத வேலையே காரணம் என்பது என் எண்ணம்.

சமையலில் மூங்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு பக்கம் கணுவை விட்டு வெட்டிய பச்சை மூங்கிலில் கோழி, இஞ்சி, எலுமிச்சைப் புல் ஆகியவற்றை இட்டு, வாயை மரவள்ளி இலையால் அடைத்து, நெருப்பின்மேல் சாய்த்து வைத்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். நம் புட்டுக்குழலில் ஆவி அடியிலிருந்து ஏறுகிறது. இங்கே குழலே தணலில் நிற்கிறது. மூங்கிலின் ஈரம் வற்றி அது எரிவதற்குள் கறி வெந்தாக வேண்டும் என்பதால் காய்ந்த மூங்கில் இதற்கு உதவாது.

பழஞ்செய்தி:
விருந்தோம்பலின் பழைய இடம் 'பாருக்' எனப்படும் தலைவீடு. பகைவரின் மண்டையோடுகளைத் தொங்கவிட்டிருந்த அந்தக் கட்டடத்தில்தான் வெளியூரார் தங்கினார்கள். மணமாகாத இளைஞர் உறங்கியதும், ஊர்ச் சபை கூடியதும், வணிகம் நடந்ததும் அங்கேயே. 1855-56இல் சரவாக்கில் பயணம் செய்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். குறுக்குக் குறுக்காக நிறுத்திய மூங்கில்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றின்மேல் ஒற்றை மூங்கிலைப் பாதையாகவும், ஆட்டம் காணும் மெல்லிய மூங்கிலைக் கைப்பிடியாகவும் வைத்த பாலங்களை அவர் வியந்து எழுதியிருக்கிறார்.

பயணவிரும்பி:
மிக்க நன்றி. அப்படியானால் இப்போது விருந்தினர் எங்கே தங்குவது?

கூச்சிங்வாசி:
நீளவீட்டிலேயே சில குடும்பங்கள் தங்க இடமும் உணவும் தருகின்றன. கவாய் ஜூன் 1, 2 நாட்களில் அரசு விடுமுறை என்பதால் முன்பதிவு அவசியம். மூங்கில் கோழி வேண்டுமானால் அப்போதே சொல்லிவிடுங்கள்; பச்சை மூங்கிலைத் தேடிச்சென்று வெட்டி வர வேண்டும்.