எம்எஸ் இருக்கறவங்க ஆக்குபேஷனல் தெரபி போன அனுபவம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எம்எஸ், அதாவது மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், மூளை, தண்டுவட நரம்போட உறை தேஞ்சு போற நோய். அதுல வந்து வந்து போற வகை. ஊர் தஞ்சாவூர் பக்கம். நியூராலஜி டாக்டர் சீட்டுல ஆக்குபேஷனல் தெரபின்னு (சுருக்கமா ஓ.டி, அன்றாட வேலைகளை நாமளே செய்ய வழி சொல்லித் தர்ற சிகிச்சை) எழுதிக் கொடுத்தப்ப, அதான் பிசியோ போயிட்டிருக்கியே இது எதுக்கு இன்னொன்னுன்னு வீட்ல கேட்டாங்க. நம்மள்ல நிறைய பேர் இந்த இடத்துலயே நின்னுடறாங்க. அதனாலதான் இதை ஆரம்பிக்கறேன், போனவங்க உங்களுக்கு நடந்ததை விலாவாரியா எழுதுங்க ப்ளீஸ்.

நான் போனப்ப அந்த ஓ.டி மேடம் காலைத் தூக்கு கையை மடக்குன்னு எதுவும் சொல்லல. நேத்து காலைல எந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன பண்ணீங்கன்னு கேட்டு ஒண்ணொண்ணா எழுதிக்கிட்டே போனாங்க. குளிச்சது சுடுதண்ணியா பச்சத்தண்ணியா, காய் நறுக்கினது நின்னுகிட்டா உக்காந்தா, துணி காயப்போட மாடிக்கு யாரு போனா, பொண்ணுக்கு சடை பின்னினது எத்தனை மணிக்கு. எல்லாம் எழுதி முடிச்சுட்டு பேப்பரை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. கஷ்டமான வேலை மொத்தமும் பத்து மணிக்குள்ள குவிஞ்சு கெடக்கு, அதுவும் நல்லா கொதிக்கக் கொதிக்க குளிச்சுட்டு நேரா அடுப்பு முன்னாடி போய் நிக்கறேன். பத்து மணிக்கு மேல கண்ணு மங்குது, கால் பாரமா இருக்கு, மறுபடியும் ரிலாப்ஸோ, நோய் திரும்பத் தாக்குதோன்னு நான் பயந்துக்கிட்டிருந்ததுக்கு காரணம் அந்தப் பேப்பர்லயே இருக்கு. உடம்பு சூடு அரை டிகிரி ஏறினாலே உறை தேஞ்ச நரம்புல சிக்னல் தடுமாறுமாம். ஜெர்மன் கண் டாக்டர் ஊத்தாஃப் இதை 1890லயே எழுதி வெச்சிருக்காரு, எம்ஆர்ஐ இல்லாத காலத்துல சுடுதண்ணித் தொட்டியில உக்கார வெச்சுப் பாத்துதான் எம்எஸ்ஸான்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணுவாங்களாம். சூட்டுல வர்ற மங்கல் உடம்பு குளுந்தா போயிடும், ஒரு நாள் முழுக்க போகாம அப்படியே இருந்தாதான் டாக்டர்கிட்ட ஓடணும்னு அவங்க சொன்னப்ப, மனசுல இருந்த பாதி பயம் அங்கயே இறங்கிடுச்சு.

அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அத்தை வந்து உக்காந்ததுமே, நானும்தான் இந்த வயசுல எல்லா வேலையும் பாக்கறேன், இவ பாக்க நல்லாத்தானே இருக்கான்னாங்க. மேடம் பதிலே பேசல. டிராயர்லேர்ந்து தடிமனான ரப்பர் கிளவுஸ் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு ஜோடி அத்தை கையில மாட்டிவிட்டு, உங்க முந்தானையில இந்த ஊக்கைக் குத்துங்கம்மான்னு ஒரு ஊக்கைக் கொடுத்தாங்க. அத்தை குத்தப் பாக்கறாங்க, மடியில விழுது, எடுக்கறாங்க, விரல் நடுவுல ஊக்கு இருக்கா இல்லையான்னே தெரியல, குனிஞ்சு குனிஞ்சு தேடறாங்க. கடைசில கிளவுஸைக் கழட்டி வெச்சுட்டு என் விரலைப் பிடிச்சுப் பாத்து, எப்பவுமே இப்படித்தான் இருக்குமாடின்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் சோம்பேறிங்கற வார்த்தை எங்க வீட்ல வரல. புளி கரைக்கறது, குக்கர் இறக்கறது எல்லாம் அவங்களே எடுத்துக்கிட்டாங்க.

எதை விட்டாலும் எதை விடமாட்டீங்கன்னு மேடம் கேட்டாங்க. பொண்ணு சடைன்னு சொன்னேன். இப்ப காய் முந்தின நாள் சாயந்தரம் நறுக்கி வெச்சிடறோம், அதுவும் ரெண்டு ஆணி அடிச்ச பலகையில காயைக் குத்தி வெச்சு, உக்காந்துகிட்டு. காலைல தெம்பு இருக்கறப்ப முதல் வேலை சடைதான். நான் கட்டில்ல, அவ கீழ முக்காலியில, என் முழங்கை ரெண்டும் தலையணை மேல. கை தூக்கிக்கிட்டே இருக்க வேண்டியதில்ல, அதனால ரிப்பன் வரைக்கும் நானே கட்டி முடிச்சிடறேன்.

*

அக்கா, படிச்சுட்டு இதை எழுதாம இருக்க முடியல. நான் கோவை, அரசுடமை வங்கியில கிளார்க். எனக்கு வலது கை நடுக்கம், கூடவே ஞாபகமும் கொஞ்சம் நழுவும். ஓ.டி சார் முதல்ல ஒன்பது ஓட்டை இருக்கற ஒரு பலகையை முன்னாடி வெச்சு, குச்சியை ஒண்ணொண்ணா சொருகி மறுபடி ஒண்ணொண்ணா எடுக்கச் சொல்லி ஸ்டாப்வாட்ச்ல பாத்தாரு. ரெண்டு கைக்கும் தனித்தனியா. சாதாரணமா இருபது செகண்ட் பக்கத்துல முடியறது எனக்கு ரொம்ப இழுத்துச்சு, கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த நம்பர் கையில இருந்ததாலதான் அடுத்தடுத்த தடவை கை எப்படி இருக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெளிவா தெரிஞ்சுது. முழங்கையை மேசை மேல ஊனி மேல்கையை உடம்பை ஒட்டி வெச்சு எழுதற பழக்கம், கனமான தடி பேனா, ஸ்பூன் பிடியில சைக்கிள் கிரிப், இதெல்லாம் அவர் சொன்னதுதான்.

இதையெல்லாம் விட முக்கியமானது அவரு எழுதிக் கொடுத்த ரிப்போர்ட். கேஷ் கவுன்டர் வேண்டாம், ஏசி நேரா படற இடம், டாய்லெட் பக்கத்துல சீட் (அவசரம்னா அவசரம்தான், நம்ம எல்லாருக்கும் தெரியும், வெக்கப்பட ஒண்ணும் இல்ல), மதியம் கொஞ்ச நேரம் ஓய்வு. ஆரம்பத்துல ஆபீஸ்ல விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) வாங்கிட்டுப் போயிடுங்களேன்னு நல்லது சொல்ற மாதிரி சொன்னவங்க இருக்காங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகையில எம்எஸ் பேரும் இருக்கு. வேலையில இருக்கறப்ப இப்படி ஆயிட்டா அரசு நிறுவனம் வேலையை விட்டுத் தூக்கவோ பதவியை இறக்கவோ கூடாதுன்னு 20வது பிரிவுல தெளிவாவே போட்டிருக்கு. சட்டத்தையும் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுத்தேன், இப்ப பேக் ஆபீஸ்ல இருக்கேன். தம்பி தங்கச்சிங்களா, யார் சொன்னாலும் அவசரப்பட்டு ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுத்துடாதீங்க.

*

சென்னை. எங்க அம்மாவுக்கு, மெல்ல மெல்ல கூடிக்கிட்டே போற வகை. ஓ.டி அக்கா வீட்டுக்கே டேப்போட வந்தாங்க. நேரா பாத்ரூம்தான். உள்பக்கமா திறக்கற கதவை வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்தச் சொன்னாங்க. அம்மா உள்ள விழுந்துட்டா உடம்பு கதவுல முட்டிக்கும், நாங்க வெளிய நின்னு கத்தறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது, இது எங்க யாருக்கும் தோணவே இல்ல. துண்டு போடற கம்பியைப் பிடிச்சு எந்திரிக்கவே கூடாது, அது ஆள் கனம் தாங்காதுன்னு சொல்லி சுவத்துல தனியா பிடி பதிக்க வெச்சாங்க. வாசப்படி விளிம்புல மஞ்சள் டேப், கண்ணு மங்கலா இருந்தாலும் படி தெரியணும்னு. பாதத்துல உணர்ச்சி இல்லாததால தண்ணியை நான் தொட்டுப் பாத்துட்டுதான் ஊத்தணும்.

வீல்சேருக்கு அம்மா ஒத்துக்கவே இல்ல, அதுல உக்காந்தா அப்புறம் எந்திரிக்கவே மாட்டேன்னு அழுவாங்க. அக்கா வற்புறுத்தல. வீட்டுக்குள்ள நடங்கம்மா, வெளிய தூரமா போறதுக்கு மட்டும் அது, மிச்சமாகற தெம்பு அங்க போய் பேசறதுக்கு சிரிக்கறதுக்கு ஆகும்னாங்க. மெரினாவுல 2022 நவம்பர்ல திறந்தாங்களே மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை, அதுல அம்மாவைத் தள்ளிட்டுப் போனேன். தண்ணிகிட்ட போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு அவங்களுக்கு. திரும்பி வர்றப்ப அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரலாமான்னு அவங்களே கேட்டாங்க.

*

மறுபடியும் தஞ்சாவூர்லேர்ந்து நான்தான். எல்லாரும் எழுதறதைப் படிக்கப் படிக்க மனசு நிறைஞ்சு போச்சு. தனியா கேட்டவங்களுக்கும் இங்கயே சொல்லிடறேன். சென்னைல கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சிஎம்சி, இங்கெல்லாம் ஓ.டி இருக்கு. மத்த ஊர்ல இருக்கறவங்க பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரில பிஎம்ஆர் (உடலியல் மருத்துவம், மறுவாழ்வு) டிபார்ட்மென்ட் எங்கன்னு கேளுங்க. 1985லேர்ந்து நடக்கற மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் சொசைட்டிக்கு சென்னைலயும் கிளை இருக்கு, அங்கயும் விசாரிக்கலாம். போறப்ப கிச்சன், பாத்ரூம், கட்டில் மூணையும் போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்க, பாத்ரூம் கதவு அகலத்தையும் அளந்து எழுதிக்கங்க. அப்புறம், உங்களைப் பாத்து நல்லாத்தானே இருக்கேன்னு சொல்றவங்க வீட்ல யாரு இருக்காங்களோ அவங்களையும் கூடவே கூட்டிட்டுப் போங்க.