பொசன் விடுமுறைக்கு நுவரெலியா: மூன்று நாளும் மழை என்கிறது தொலைபேசி, போகலாமா?

வாசுகி, வெள்ளவத்தை

ஜூன் முழுநிலா விடுமுறையான பொசன் போயா இம்முறை திங்கட்கிழமை. சனி விடியற்காலை வான் பிடித்துப் புறப்பட்டு, நுவரெலியாவில் இரண்டு இரவு தங்கி, திங்கள் இரவு வீடு வந்து சேருவதாகத் திட்டம். நாங்கள் நால்வர், ஐந்தாவது ஆள் மாமி. அவருக்கு 71 வயது, சாவகச்சேரிக்காரர். அவர் அறிந்த குளிர் மார்கழிக் கிணற்றுத் தண்ணீர்தான். கொஞ்சம் இழுப்பும் உண்டு. எட்டு வயது மகனோ, கிறகரி வாவியில் படகு ஏறாமல் திரும்ப மாட்டேன் என்று இப்போதே சத்தியம் செய்கிறான்.

தொலைபேசியில் பார்த்தால் மூன்று நாளும் மேகமும் மழைத்துளியும். கணவர் "காலிக் கடற்கரைக்குப் போவோம்" என்கிறார். ஆனால் அறைக்கு முற்பணம் கட்டிவிட்டோம், திருப்பித் தர மாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குப் போனபோது காலை முழுக்க நல்ல வெயில், மூன்று மணிக்கு இடி மழை, ஐந்துக்கு வானம் வெளித்துவிட்டது. ஜூனிலும் அப்படித்தானா?

தெஹிவளைவாசி

கணவர் சொல்வதைக் கேளுங்கள். மழையில் அறைக்குள் இருந்து கடதாசி விளையாடுவதற்கு நுவரெலியா எதற்கு?

நோர்வூட்டான்

தெஹிவளைத் தம்பி, காலியிலும் அதே பருவக்காற்றுத்தான் அடிக்கிறது. கடலில் கால் வைக்க முடியாது.

தங்கச்சி, நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். முப்பது வருடமாகப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு காலம் தள்ளுகிறேன். ஊரின் வானிலையை மூட்டையைத் தொட்டே சொல்லிவிடுவேன். ஜூலையில் நுவரெலியாக் கிழங்கு ஈரச் சாக்கில் சேறோடு வரும். வெலிமடைக் கிழங்கைக் கொட்டினால் தூசு தும்மவைக்கும். இரண்டு ஊருக்கும் இடையில் ஒன்றரை மணி நேரப் பயணம்கூட இல்லை. "மலைநாட்டில் மழையா?" என்று கொழும்பில் எல்லோரும் கேட்கிறார்கள். மலையின் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சித்திரை மழை வேறு. அது இரண்டு பருவத்துக்கும் இடைப்பட்ட மாதம். காலை வெயிலில் நிலம் சூடேறி, பின்னேரம் இடித்துக் கொட்டிவிட்டுப் போய்விடும். ஜூனில் வருவது தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், மஸ்கெலியாச் சரிவுகளில் முட்டி மேலேறி, சுமையை அங்கேயே இறக்கிவைக்கிறது. வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முகட்டைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் மிச்சமில்லை. அந்த வறண்ட காற்றுத்தான் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ரயிலில் பட்டிப்பொளை தாண்டுங்கள். 1898 மீற்றர், நம் ரயில் பாதையின் உச்சி. அதை அடுத்த சுரங்கத்துக்குள் பனிமூட்டத்தோடு நுழைந்து, ஒஹிய பக்கம் வெயிலில் வெளியே வந்த நாட்கள் எனக்குக் கணக்கில்லை. சின்ன வயதில் அந்த இருட்டுக்குள் யாரோ வானத்தை மாற்றிவைக்கிறார்கள் என்று நம்பியிருந்தேன்.

நுவரெலியா நகரம் இந்த இரண்டுக்கும் நடுவில், மழைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அங்கே ஜூன் மழை பெரும்பாலும் தூறல். விடாது, ஆனால் அடித்தும் பெய்யாது. உங்கள் தொலைபேசிக்கு அரை மணி நேரத் தூறலும் ஒரு மழைத்துளிதான், நாள் முழுக்கக் கொட்டினாலும் ஒரு மழைத்துளிதான். குளிருக்கு ஒரு மனக்கணக்குச் சொல்கிறேன். 1000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர். வெள்ளவத்தையில் 31 என்றால் அங்கே 19. அது பகல் கணக்கு. இரவில் இன்னும் இறங்கும், ஈரக் காற்றும் சேர்ந்தால் மாமிக்கு எலும்புக்குள் போகும். காதை மூடக் கம்பளித் தொப்பி, இரண்டு சோடிக் காலுறை, இழுப்பு மருந்து கைப்பையில். அறையில் சுடுதண்ணீர் வருகிறதா என்று பெட்டியை இறக்குமுன் திறந்து பாருங்கள். "வரும், வரும்" என்பார்கள். போன வருடம் பேரப்பிள்ளைகளோடு போய், விடியும்வரை வராத சுடுதண்ணீருக்குக் காத்திருந்தவன் நான்.

அறையை விடாதீர்கள். படகுக்குச் சனிக்கிழமையை நம்பாமல் ஞாயிறு காலையிலேயே வாவிக்குப் போங்கள். பிறகு அங்கே நிற்காமல் வெலிமடை வீதியில் இறங்குங்கள். வழியில் சீத்தாஎலிய அம்மன் கோயில், மாமிக்கு அது போதும். ஹக்கலை தாண்டிக் கெப்பட்டிபொல பக்கம் போகும்போது வானம் நீலமாவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்பது அதன் கணக்கு. செம்மஞ்சள் வந்தால் முற்பணத்தை மறந்துவிட்டு வீட்டில் இருங்கள். என் தங்கை இன்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் இருக்கிறாள், பின்சுவருக்கும் மலைக்கும் நடுவில் ஓர் ஆள் போகலாம். நமக்கு அது பயணத்தை நிறுத்தும் நிறம். அவளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாடசாலை மண்டபத்தில் படுக்கும் நிறம்.

பண்டாரவளை டீச்சர்

நோர்வூட் அண்ணன் எங்கள் பக்கத்தைச் சொர்க்கம் ஆக்கிவிட்டார். மழை இல்லை என்பது உண்மை. ஆனால் கச்சான் காற்று அடிக்கிறது. கொடியில் போட்ட வேட்டி அடுத்த வீட்டுக் கூரையில் கிடக்கிறது, உதடு வெடிக்கிறது. இழுப்புக்காரருக்குக் குளிரைவிடத் தூசு பொல்லாதது. மாமியை மூக்கைச் சால்வையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாசுகி, வெள்ளவத்தை

அண்ணன், டீச்சர், நன்றி. கணவரிடம் வாசித்துக் காட்டினேன். "காலியிலும் அதே காற்று" என்ற இடத்தில் மனிதர் அடங்கிவிட்டார். திங்கட்கிழமை திரும்புவதற்கு ஹற்றன் வழியா, இறம்பொடை வழியா?

நோர்வூட்டான்

இரண்டும் மழைப் பக்கம்தான். இறம்பொடை வளைவுகளில் பனிமூட்டம், கினிகத்தேனையில் மழை. சாரதிக்குப் பழகிய வழி எதுவோ அதில் விடுங்கள், பத்து மணிக்கு முன் புறப்படுங்கள். கீழே இறங்கியதும் போயாவுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல் மறிக்கும். மகன் ஐஸ்கிரீம் தன்சலைக் கண்டால் ஒரு மணி நேரம் போச்சு என்று இப்போதே கணக்கில் வையுங்கள்.

வாசுகி, வெள்ளவத்தை

மாமி ஒன்று கேட்கச் சொன்னார். வெலிமடையில் அப்படி வெயில் எறிக்கும் என்றால் மோர்மிளகாயைக் கொண்டுபோய்க் காயவைக்கலாமா? வெள்ளவத்தை மாடியில் இரண்டு கிழமையாகக் காயவில்லையாம்.

பண்டாரவளை டீச்சர்

தாராளமாக. மேலே வலை கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பதுளையில் போய்ப் பொறுக்க வேண்டும்.