டர்போ டீசல் ஜீப்புக்கு 3 இன்ச் எக்ஸாஸ்ட் போட்டால் மைலேஜ் கூடுமா?

கேள்வி: 2.5 லிட்டர் டர்போ டீசல், ஃபோர் வீல் டிரைவ். எக்ஸாஸ்ட் பைப் இப்போ 2.25 இன்ச். டர்போவுக்குப் பின்னாடி முழுக்க 3 இன்ச் ஆக்கினா டீசல் மிச்சமாகுமா? 235/75 ஆர்15 டயரைக் கழட்டி 31 இன்ச் போட்டதிலிருந்து மைலேஜ் இறங்கின மாதிரி இருக்கு.

பதில் 1: பைப்பை மட்டும் நம்பாதீங்க. பேக் பிரஷர் (புகை வெளியேற பைப்புல வர்ற தடை) குறைஞ்சா டர்போ சீக்கிரம் சுத்தும், எக்ஸாஸ்ட் சூடும் குறையும். ஆனா அது தெரியுறது லோடோட மேடு ஏறும்போதுதான். நிதானமா ஓட்டும்போது வர்ற புகைக்குப் பழைய பைப்பே தாராளம். மாத்தியே தீரணும்னா 2.5 இன்ச் போதும். 3 இன்ச், ஆக்சில் மேலே தூக்கும்போது இடிக்கலாம்; சஸ்பென்ஷனை முழுசா அமுக்கியும் தொங்கவிட்டும் இடைவெளி பாருங்க.

பதில் 2: முதல்ல கணக்கைத் திருத்துங்க. டயர் விட்டம் 733 மி.மீ.லிருந்து 787 ஆயிருக்கு. மீட்டர் 100 காட்டினா வண்டி ஓடினது கிட்டத்தட்ட 107 கி.மீ. டேங்கை வழிய நிரப்பி, மறுபடி நிரப்பி மைலேஜ் பாத்து, அதை 1.07ஆல பெருக்குங்க. பாதி நஷ்டம் காகிதத்துலதான் இருக்கும்.

பதில் 3: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்புற குழாய்) கேஸ்கெட் ஓரத்துல கரிக்கோடு தெரியுதா? அங்க லீக்னா டர்போவைச் சுத்த வேண்டிய அழுத்தம் வெளியே போகுது, கரும்புகையும் வரும். இன்டர்கூலர் (டர்போ அமுக்கின காத்தை ஆறவைக்கிறது) ஹோஸ் கிளாம்ப்புல சோப்புத் தண்ணி அடிச்சு, குமிழி வருதான்னும் பாருங்க. டிபிஎஃப் (டீசல் புகையில இருக்குற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) இருந்தா அதுல கை வைக்காதீங்க, பல நாடுகள்ல சட்டப்படி குற்றம்.